எண்ணெய் டின்னில் ராக்கெட் அடுப்பு: விறகு எதனால் மிச்சமாகிறது, புகை எதனால் குறைகிறது

கேஸ் விலை ஏறும்போதும், சிலிண்டர் வராமல் இழுத்தடிக்கும்போதும், எண்ணெய் டின்னிலும் பழைய செங்கல்லிலும் அடுப்பு செய்யும் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். இலங்கையில் 2022-இல் அது வேடிக்கை பார்க்கிற விஷயமாக இருக்கவில்லை. 2021 அக்டோபர் தொடக்கம் வரை 1,500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,800 ரூபாயைத் தாண்டியது, அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை, விறகடுப்பையே மறந்துபோன வீடுகளில் மறுபடி விறகு அடுக்கினார்கள்.

இந்த வீடியோக்களில் எப்போதும் இரண்டு வாக்குறுதிகள் இருக்கும். விறகு பாதிக்குப் பாதி மிச்சம், புகையே வராது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் குழப்பம். விறகு மிச்சமாவது ஒரு காரணத்தால், புகை குறைவது வேறொரு காரணத்தால். ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகவும் செய்யும். இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால், எந்த வடிவம் வேலை செய்யும், எது படத்துக்கு மட்டும் அழகு என்று நீங்களே சொல்லிவிடலாம்.

விறகு எரியும்போது என்ன நடக்கிறது

விறகு நேரடியாக எரிவதில்லை. மூன்று கட்டம் இருக்கிறது.

1. முதலில் விறகில் உள்ள ஈரம் ஆவியாகிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 2.26 மெகா ஜூல் வெப்பம் வேண்டும். பச்சை விறகு எரிய மறுப்பதும் புகைவதும் இதனால்தான், தன் சூட்டைத் தன்னுடைய ஈரத்தை விரட்டவே செலவழிக்கிறது.

2. அப்புறம் கட்டை சூடேறி, உள்ளிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளியே வருகின்றன. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி வாயுவாகவே போகும். நாம் ஜுவாலை என்று பார்ப்பது இந்த வாயு எரிவதைத்தான். இது முழுதாக எரிய 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும், போதுமான காற்றும், அந்த இரண்டும் நன்றாகக் கலக்க இடமும் நேரமும் வேண்டும்.

3. கடைசியில் மிஞ்சுவது கரி. அது ஜுவாலை இல்லாமல் தணலாக, நிதானமாக எரியும்.

இரண்டாவது கட்டத்தில் கோளாறு நடந்தால் வருவதுதான் புகை. எரிய வேண்டிய வாயு, எரியும் அளவு சூடு கிடைப்பதற்குள் குளிர்ந்த பாத்திரத்தின் அடியிலோ குளிர்ந்த காற்றிலோ பட்டுவிட்டால் அப்படியே வெளியேறிவிடும். ஆக, புகை என்பது எரியாமல் தப்பிய எரிபொருள்.

இங்கே பலரும் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடுகிறார்கள்: அப்படியானால் புகையை எரித்துவிட்டால் விறகு பாதியாகக் குறைந்துவிடுமே என்று. குறையாது. புகை சூழ எரிகிற மூன்று கல் அடுப்பில்கூட, விறகில் இருக்கும் ஆற்றலில் 90 சதவீதத்தை ஒட்டி வெப்பமாக மாறிவிடுகிறது. எரியாமல் போகும் அந்தக் கொஞ்சப் பங்கு கண்ணுக்கும் நுரையீரலுக்கும் பெரிய கேடு, ஆனால் விறகுக் கணக்கில் சின்னத் தொகை. பெரிய நஷ்டம் அடுத்த படியில் இருக்கிறது.

உண்டான சூடு எங்கே போகிறது

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 30 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க சுமார் 1.47 மெகா ஜூல் போதும். சாதாரணமாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு 15 மெகா ஜூல் அளவு தரும். அப்படியானால் 100 கிராம் விறகு, ஒரு கைப்பிடி சுள்ளி, போதுமானது. நடைமுறையில் திறந்த அடுப்பில் 700 கிராமில் இருந்து ஒரு கிலோ வரை ஆகிறது. அதாவது பத்தில் ஒரு பங்கு, கவனமாக எரித்தால் ஏழில் ஒரு பங்கு, பாத்திரத்துக்குள் போகிறது. மீதி பாத்திரத்தைச் சுற்றி மேலே ஓடிவிடுகிறது, பக்கவாட்டில் வீசுகிறது, தரைக்கும் அடுப்புச் சுவருக்கும் போகிறது.

நல்ல வடிவமுள்ள அடுப்பு செய்யும் பெரிய உதவி இந்த ஓட்டத்தைத் தடுத்து, சூடான காற்றைப் பாத்திரத்தின் மேல் உரச வைப்பது. பாத்திரத்தின் வெளிப்புறத்தில் நகராத காற்று மெல்லிய படலமாக எப்போதும் ஒட்டியிருக்கும், சூடு உள்ளே போவதற்கு முக்கியத் தடை அதுதான், பாத்திரம் அலுமினியமா எவர்சில்வரா என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வரும் விஷயம். சூடான காற்று வேகமாகவும் நெருக்கமாகவும் ஓடினால் அந்தப் படலம் மெலியும். மெதுவாக, அகலமான சந்து வழியாகப் போனால் படலம் அப்படியே இருக்கும், சூடும் அப்படியே வெளியே போய்விடும்.

நம் ஊர் கொடி அடுப்பு இதற்கு ஒரு பதில்தான். முதல் பாத்திரத்தைத் தாண்டி ஓடும் சூட்டை வீணாக விடாமல் பக்கத்துக் கொடியில் வைத்த இரண்டாவது பாத்திரத்துக்குக் கொடுப்பது. இலங்கையில் 1980-களில் உருவாகி, குயவர்கள் வழியே நாடெங்கும் பரவிய அனகி அடுப்பும் ஒரே மண் துண்டில் இரண்டு பாத்திரம் வைக்கிற இதே யோசனைதான்.

கனமான மண் சுவர் சூட்டைக் காக்குமா

நிறையப் பேர் நம்புவது: சுவர் எவ்வளவு தடியோ அவ்வளவு நல்லது. இது வேலை செய்யாது என்பதற்கு ஒரு பெரிய வரலாற்று உதாரணம் உண்டு. குவாத்தமாலாவில் 1976-இல் பெரும் நிலநடுக்கம் வந்த பிறகு, மணலும் களிமண்ணும் குழைத்துக் கட்டிய லொரேனா என்ற மேடை அடுப்பு பரவியது. பார்க்க அழகு, புகைபோக்கி வைத்ததால் சமையலறையில் புகையும் குறைந்தது. ஆனால் பின்னர் விறகை அளந்து சோதித்தபோது, பல நேரங்களில் வெறும் மூன்று கல் அடுப்பை விட அதிக விறகு பிடித்தது. காரணம் எளிது, மணலும் களிமண்ணும் சூட்டைத் தடுக்கும் பொருட்கள் அல்ல, உறிஞ்சும் பொருட்கள். நூறு கிலோ மண்ணைச் சூடாக்கிய பிறகுதான் பாத்திரத்துக்கு முழுப் பங்கு கிடைக்கும், அதற்குள் சமையலே முடிந்துவிடும். நாள் முழுக்க அணையாமல் எரியும் டீக்கடை அடுப்புக்குத் தடிச் சுவரால் பிரச்சினை குறைவு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் எரியும் வீட்டு அடுப்புக்கு அது நஷ்டம்.

சூட்டைத் தடுப்பது உள்ளே அடைபட்ட காற்று. அதனால் லேசான, துளை நிறைந்த பொருள்தான் வேண்டும்: விறகுச் சாம்பல், நெல் உமிச் சாம்பல், நுரைக்கல் (பியூமிஸ்) நொறுங்கு, அல்லது களிமண்ணில் மரத்தூளோ உமியோ கலந்து சுட்ட கல் (சுடும்போது உமி எரிந்துபோய் அந்த இடம் துளையாக நிற்கும்). கையில் எடுத்தால் எடை தெரிய வேண்டாம், அதுவே பரிசோதனை.

ராக்கெட் அடுப்பு என்பது என்ன

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் 1980-களின் தொடக்கத்தில் லாரி வினியார்ஸ்கி என்ற பொறியாளர் உருவாக்கிய வடிவம் இது. எரியும்போது வரும் இரைச்சலால் இந்தப் பெயர். அடிப்படையில் ஒரு 'எல்' வடிவக் குழாய்தான்: படுக்கைப் பகுதியில் விறகு நுனி, நிமிர்ந்த பகுதி ஒரு குட்டிப் புகைபோக்கி, அதன் வாயில் பாத்திரம், குழாயைச் சுற்றிலும் லேசான காப்புப் பொருள். இதற்குள் மூன்று விஷயம் ஒன்றாக நடக்கிறது.

முதலாவது, குழாயின் சுவர் சூட்டை இழுக்காததால் உள்ளே வெப்பம் மிக அதிகமாகிறது, வாயு பாத்திரத்தைத் தொடும் முன்பே பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. இரண்டாவது, சூடான காற்று மேலே எழும் வேகத்தில் கீழிருந்து புதுக் காற்றைத் தானே இழுக்கிறது, ஊதுகுழலுக்கு வேலை இல்லை. மூன்றாவது, படுக்கைப் பகுதி சிறியதாக இருப்பதால் அள்ளி அடைக்க முடியாது, நுனி மட்டும் எரியும். இந்த மூன்றாவது விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், விறகு மிச்சத்தில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

எண்ணெய் டின்னில் கட்டுவது எப்படி

வினியார்ஸ்கியின் ஆரம்பகால வடிவங்களிலேயே தகர டின்னும் சாம்பலும்தான் இருந்தன. நமக்குக் கிடைக்கும் சதுர எண்ணெய் டின் (ஏறக்குறைய 23 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம்) இதற்குச் சரியாகப் பொருந்தும்.

1. டின்னின் மேல் மூடியை முழுதாக வெட்டி எடுத்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிக் காயவையுங்கள்.

2. 10 செ.மீ. (4 இன்ச்) விட்டமுள்ள இரும்புக் குழாயில் ஒரு முழங்கை வளைவு, அதில் ஒரு நீளமான துண்டு, ஒரு குட்டையான துண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம். துத்தநாகம் சூட்டில் கிளம்பினால் அந்த ஆவி நெஞ்சுக்கு ஆபத்து. குழாய் கிடைக்காவிட்டால் ஒரே அளவுள்ள தகர டப்பாக்களைக் கோத்துச் செய்யலாம், ஆனால் தகரம் சில மாதங்களில் அரித்துப்போகும், மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

3. டின்னின் ஒரு பக்கத்தில், அடியிலிருந்து 4 செ.மீ. விட்டு, குழாய் நுழையும் அளவு வட்டம் வெட்டுங்கள். அடியில் அந்த 4 செ.மீ. இடத்தில் முதலில் சாம்பல் நிரப்ப வேண்டும். குழாய் நேராகத் தரையில் உட்கார்ந்தால் அந்தப் பக்கமாகச் சூடு போய்விடும்.

4. குட்டைத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நீளத் துண்டு நிமிர்ந்து நிற்க, சுற்றிலும் நன்றாகக் காய்ந்த, சலித்த சாம்பலை நிரப்புங்கள். நான்கு பக்கமும் 6 செ.மீ. அளவு சாம்பல் கிடைக்கும். கெட்டியாக இடிக்க வேண்டாம். மணல், செம்மண் எதுவும் கலக்க வேண்டாம்.

5. எடுத்து வைத்த மூடியில் வட்டம் வெட்டிக் குழாயின் மேல் மாட்டி மூடுங்கள். குழாய் வாய் மூடியை விட அரை செ.மீ. மேலே நின்றால் போதும்.

6. படுக்கைக் குழாய்க்குள், அதன் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில், ஒரு தகடு செருகுங்கள். தகட்டின் மேல் சுள்ளி, தகட்டுக்குக் கீழே காற்று. பெரும்பாலான வீடியோக்களில் இந்தத் தகட்டை விட்டுவிடுகிறார்கள், வாய் முழுக்க விறகு அடைத்து, காற்று மேலிருந்து வந்து நெருப்பைக் குளிரவைக்கிறது, புகை கிளம்புகிறது. தகட்டுக்கு அடியில் போகும் காற்று தணலுக்குக் கீழே வந்து, வரும் வழியிலேயே சூடாகியும் விடுகிறது.

7. பாத்திரம் உட்கார மூன்று கம்பிகளோ போல்ட்டுகளோ வையுங்கள். உயரக் கணக்கு கீழே.

கனமான பாத்திரம் வைத்தால் டின் ஆடும். சோறு வடிப்பதற்கும், முக்கியமாகக் களி கிண்டுவதற்கும், இது கவலைக்குரிய விஷயம். டின்னைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, பாத்திரத்தின் பாரம் செங்கல் மேலேயே இறங்குமாறு கம்பியை வைத்தால் தீர்ந்தது. முழுதும் செங்கல்லிலேயே கட்டுவதும் உண்டு, வேலை சுலபம், ஆனால் சாதாரணச் சூளைக்கல் கனமானது, லொரேனாவின் குறை ஓரளவு அதிலும் இருக்கும். நெருப்பு படும் இடத்தில் சிமெண்ட் பூச்சு போட வேண்டாம், வெடித்து உதிரும். ஆற்றுக் கூழாங்கல்லும் ஆகாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியானால் தெறிக்கும்.

இடைவெளிக் கணக்கு

அடுப்பு ஜெயிப்பதும் தோற்பதும் இந்த இடத்தில். விதி ஒன்றுதான்: சூடான காற்று போகும் பாதையின் குறுக்குப் பரப்பு ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் மூச்சு முட்டிப் புகையும், கூடினால் சூடு பாத்திரத்தை உரசாமல் போய்விடும்.

10 செ.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 78.5 சதுர செ.மீ. அதை வைத்துக்கொண்டு:

1. குழாய் வாய்க்கும் பாத்திர அடிக்கும் நடுவே: வாயின் சுற்றளவு 31.4 செ.மீ. 78.5-ஐ 31.4-ஆல் வகுத்தால் 2.5 செ.மீ. கம்பியின் உயரம் அதுதான்.

2. பாத்திரத்தின் பக்கவாட்டில்: பாத்திரத்தைச் சுற்றி ஒரு தகட்டுப் பாவாடை வைக்க வேண்டும். 24 செ.மீ. அகலப் பாத்திரத்தின் சுற்றளவு 75.4 செ.மீ. 78.5-ஐ அதனால் வகுத்தால் ஒரு செ.மீ. சொச்சம். பாத்திரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுனி நுழையும் இடம், அவ்வளவுதான்.

இந்தத் தகட்டுப் பாவாடையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அடுப்பு முழுவதிலும் மலிவான பாகம் இது, தட்டி நிமிர்த்திய ஒரு டின் தகடு போதும், விறகைக் குறைப்பதில் இதற்கு நிகராக வேறு எதுவும் இல்லை. இது இல்லாவிட்டால் சூடான காற்று பாத்திரத்தின் அடியைத் தொட்டுவிட்டுச் சிதறிவிடும், இருந்தால் பக்கச் சுவர் முழுக்க உரசிக்கொண்டு போகும். ராக்கெட் அடுப்பு கட்ட முடியாதவர்கள், இருக்கிற மண் அடுப்பிலேயே பாத்திரத்தைச் சுற்றி ஒரு தகடு வைத்துப் பார்க்கட்டும், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். சின்னச் சங்கடம் என்னவென்றால், ஒரு பாத்திரத்துக்குச் செய்த பாவாடை வேறு அளவுப் பாத்திரத்துக்குப் பொருந்தாது. தினமும் சோறு வைக்கும் பாத்திரத்துக்கு அளவெடுத்துச் செய்வதே நல்லது.

எரிக்கும் விதம்

விரல் தடிமனுள்ள காய்ந்த சுள்ளி, தென்னை மட்டைக் கீற்று, பருத்திமார், பிளந்த சவுக்கு, சீமைக்கருவேல் இதற்கு ஏற்றவை. எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும், இது ஒரு வேலைதான், தடிக் கட்டையைச் செருகிவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. அப்படிப் போக வேண்டியவர்களுக்கு மரத்தூள் அடுப்பு பொருத்தம்: ஒரு டின்னின் நடுவே பாட்டில் நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக இடித்து, பாட்டிலை உருவி, அடித்துளையில் பற்றவைத்தால் மணிக்கணக்கில் சீராக எரியும்.

தண்ணீர் கொதித்த பிறகு நெருப்பைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகாது, தண்ணீர் 100 டிகிரியிலேயே நிற்கும், ஆவி மட்டும் அதிகமாகப் போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் 2.26 மெகா ஜூல் நஷ்டம் என்று பார்த்தோம். 5 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே 1.47 தான் ஆனது! மூடி போடாமல் தளதளவென்று கொதிக்கவிடுவது, நல்ல அடுப்பில் சேமித்ததை அப்படியே திருப்பிக் கொடுப்பது. கொதி வந்ததும் மூடி போட்டு ஒரே ஒரு சுள்ளியில் ஓட்டலாம், அல்லது பாத்திரத்தை இறக்கி வைக்கோலோ பழைய துணியோ திணித்த பெட்டிக்குள் வைத்தால், பருப்பும் அரிசியும் நெருப்பே இல்லாமல் வெந்துவிடும்.

புகையும் உடல்நலமும்

இனி அந்த இரண்டாவது வாக்குறுதி. நன்றாகக் கட்டி, காய்ந்த சுள்ளியைப் பக்குவமாகத் தள்ளினால் புகை வெகுவாகக் குறையும், கண் எரியாது, சுவர் கறுக்காது. இதெல்லாம் உண்மையான நிம்மதிதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் தொடர்ந்து வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டு அளவு, 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். மூடிய அறையில் எந்த விறகடுப்பும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

இதைப் பெரிய அளவில் பரிசோதித்தும் இருக்கிறார்கள். மலாவியில் 2016-இல் முடிவு வெளியான ஆய்வில், விசிறி வைத்த, ராக்கெட் அடுப்பை விடச் சுத்தமாக எரியும் அடுப்புகளை வீடுகளுக்குக் கொடுத்தும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. குவாத்தமாலாவில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கொடுத்துச் செய்த ஆய்வில் மட்டும் கடுமையான நிமோனியா ஓரளவு குறைந்தது, அங்கே புகை அறையை விட்டு வெளியே போனது. ஆகவே இந்த டின் அடுப்பை வெளியில், திண்ணையோரம், காற்றோட்டமான சார்ப்புக்குக் கீழே வைத்துத்தான் எரிக்க வேண்டும். ஓலைக் கூரைக்கு அடியில் கூடாது. உள்ளே வைத்தே ஆக வேண்டுமென்றால் கூரைக்கு மேல் போகும் புகைபோக்கி கட்டாயம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

இந்தியாவில் 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன, அவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. பிறகு ஒடிசாவில் மேம்பட்ட அடுப்பு கொடுக்கப்பட்ட வீடுகளைப் பொருளாதார நிபுணர் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், முதல் ஆண்டில் குறைந்த புகை பிறகு பழைய நிலைக்கே திரும்பியது, விறகுச் செலவும் குறையவில்லை. வெடிப்பை யாரும் பூசவில்லை, புகைபோக்கியைச் சுத்தம் செய்யவில்லை. சமைப்பவர் கையால் பழுதுபார்க்க முடியாத அடுப்பு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் நிலைக்காது என்றே நான் நினைக்கிறேன். டின் அடுப்பை இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம், உள்குழாய் அரித்தால் சாம்பலைக் கொட்டிவிட்டு அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

உங்கள் அடுப்பை நீங்களே அளக்க

1. ஒரு கிலோ காய்ந்த சுள்ளியை நிறுத்து வையுங்கள். 5 லிட்டர் தண்ணீரை மூடி போட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

2. நன்றாகக் கொதித்தவுடன் நெருப்பை அணைத்து, மிச்ச விறகை நிறுங்கள். கரியைத் தனியாக நிறுங்கள்.

3. செலவான விறகிலிருந்து, கரியின் எடையைப் போல இரண்டு மடங்கைக் கழியுங்கள். ஒரு கிலோ கரியில் ஏறக்குறைய இரண்டு கிலோ விறகின் ஆற்றல் இருக்கிறது.

வந்த எண் ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் பத்து சதவீதம், திறந்த அடுப்புக்குச் சமம். 500 கிராம் என்றால் ஏறக்குறைய இருபது. 300 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் முப்பதைத் தாண்டிவிட்டீர்கள், வீட்டில் கட்டிய அடுப்புக்கு அது மிக நல்ல எண். 500-க்கு மேல் நின்றால் முதலில் விறகின் ஈரத்தைப் பாருங்கள், அடுத்து தகட்டுப் பாவாடையின் இடைவெளி கணக்கிட்டதை விடக் கூடியிருந்தால் அதைக் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள்.